நாராவின் பெரிய புத்தரைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானின் நாரா நகரிலுள்ள டோடாய்ஜி என்ற புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்தில், புத்தருக்கு நேர் எதிரே வந்து நின்ற ஓர் இளைஞர் பளீர் பளீரென்று இரண்டு முறை கைதட்டினார். பக்கத்தில் கண்மூடி நின்றிருந்த மூதாட்டி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி கண்களை மூடிக்கொண்டார். அந்த இளைஞர் மரியாதைக்காகத்தான் தட்டினார். எங்கோ பார்த்துக் கற்றதை இங்கே செய்துவிட்டார்.

இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிவது ஜப்பானின் தொன்மையான மதமான ஷின்டோவின் கோயில்களில் உள்ள முறை. புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது. காசைப் பெட்டியில் மெல்லப் போட்டு, ஓசையில்லாமல் கைகூப்பித் தலைவணங்கினால் போதும். நமக்குப் பழகிய கும்பிடுதான். ஆனால் இங்கே குழம்புவது எளிது. இதே வளாகத்தின் கிழக்கே சில நிமிட நடையில் தமுகேயாமா ஹச்சிமான் என்ற ஷின்டோ கோயில் இருக்கிறது. அங்கே கைதட்டுவதுதான் முறை. குறுக்குக் கட்டைகளோடு நிற்கும் 'தோரீ' வளைவைக் கடந்து உள்ளே போனால் அது ஷின்டோ தலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் இன்னொரு விஷயத்திலும் தடுமாறுவார்கள். மண்டபத்தின் முன்னால் செருப்பு விடும் இடத்தைத் தேடுவார்கள். பெரிய புத்தர் மண்டபத்துக்குள் காலணியோடுதான் போகிறார்கள். மனம் ஒப்பாவிட்டாலும் அங்கே அதுதான் வழக்கம். பாய் விரித்த கூடங்களில் மட்டும் கட்டாயம் கழற்ற வேண்டும், அதனால் ஓட்டையில்லாத காலுறை அணிந்து போங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெற்கு வாயிலில் நிற்காமல் போவதுதான் என்னைப் பெரிதும் வருத்தும் தவறு. அங்கே திரியும் மான்களைப் பார்த்த உற்சாகத்தில் எல்லோரும் அதைக் கடந்து ஓடுகிறார்கள். 1199-ல் மீண்டும் கட்டிய வாயில் அது. இருபுறமும் நிழலுக்குள், எட்டு மீட்டருக்கும் மேல் உயரமான இரண்டு மரக் காவலர்கள் நிற்கிறார்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகள் தங்கள் குழுவினருடன் 1203-ல் 69 நாட்களில் செய்து முடித்தவை. ஒருவர் 'அ' என்று வாய் திறந்திருக்கிறார், மற்றவர் 'உன்' என்று வாயை இறுக மூடியிருக்கிறார். சமஸ்கிருத எழுத்து வரிசையின் தொடக்கமும் முடிவுமாக இதைச் சொல்வார்கள். மற்ற கோயில்களில் காவலர்கள் வருபவரைப் பார்த்து நிற்பார்கள். இங்கே இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். கம்பி வலைக்கு அருகே போய், கண்கள் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். புடைத்த நரம்புகளும் காற்றில் சுழலும் ஆடையும் மெல்ல மெல்லத் தெரியவரும்.

புத்தரை உயரத்தால் மட்டும் அளப்பது அடுத்த தவறு. சுமார் 15 மீட்டர் வெண்கலம் என்று தெரிந்துகொண்டு, படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டை உலுக்கிய காலத்தில் ஷோமு பேரரசர் 743-ல் இந்தச் சிலைக்கு ஆணையிட்டார். 752-ல் கண் திறக்கும் சடங்கை நடத்தி, தூரிகையால் விழி வரைந்தவர் இந்தியாவிலிருந்து 736-ல் ஜப்பானுக்கு வந்த போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டார்கள். விழி வரைந்த புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு. அந்தத் தூரிகை இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகிறது. நம் நாட்டுத் துறவி ஒருவரின் கை தொட்ட முகத்துக்கு முன் நிற்கிறோம் என்று நினைத்து நான் உருகியிருக்கிறேன், ஆனால் அந்த முகம் இன்று இல்லை. 1180-லும் 1567-லும் போர்த்தீயில் மண்டபம் எரிந்தது. இப்போதிருக்கும் தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது. மண்டபம் 1709-ல் முடிந்தது. அதன் அகலம் 57 மீட்டர்; பழையது 86 மீட்டர் இருந்தது. எனவே முகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே தாமரைப் பீடத்தையும் பாருங்கள். அதன் இதழ்களில் சில 8-ஆம் நூற்றாண்டிலேயே வார்த்தவை. அவற்றில் மெல்லிய கோடுகளாகப் புத்த உலகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

மண்டபத்தின் பின்புறத் தூண் ஒன்றின் அடியில் ஒரு துளை இருக்கிறது. புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவு என்பார்கள். அதில் நுழைந்து வெளிவந்தால் நன்மை என்ற நம்பிக்கை. குழந்தைகள் சறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தோள் அகன்ற பெரியவர்கள் முயலவே வேண்டாம். நடுவில் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம்.

வெளியே திண்ணையில், சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று உட்கார்ந்திருக்கும். பலர் அதன் தோற்றத்தைக் கண்டு மிரண்டு விலகுகிறார்கள். அவர் புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர்; ஜப்பானில் பின்சுரு. சித்து காட்டியதற்காகப் புத்தரால் கண்டிக்கப்பட்டவர் என்பதால் மண்டபத்துக்கு வெளியே இருக்கிறார் என்பது கதை. நமக்கு வலிக்கும் இடத்தை அவர் உடலில் தடவி, பிறகு நம் உடலில் தடவ வேண்டும். மற்ற சிலைகளில் கை படவே கூடாது. இவர் மட்டும் தொடுவதற்காகவே அமர்ந்திருக்கிறார்.

ஊதுவத்தியை அடுத்தவர் ஏற்றிய வத்தியிலிருந்து பற்றவைக்காதீர்கள்; அவருடைய வினையை வாங்கிக்கொள்வதாகக் கருதுவார்கள். தீயை வாயால் ஊதாமல் கையால் வீசி அணையுங்கள். தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை இட்டுத் தரும் 'கோஷுயின்' சுற்றுலா முத்திரை அன்று, வழிபட்டதன் சான்று. முதலில் வணங்கிவிட்டு, அதற்கென்றே விற்கும் ஏட்டை நீட்டுங்கள். குறிப்பு நோட்டைக் கொடுத்தால் மறுத்துவிடக்கூடும்.

மான்கள் பக்கத்திலுள்ள கசுகா கோயிலின் தெய்வத் தூதர்கள். தவிட்டு பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி மறைத்து, அவை குனிவதைப் படம் பிடிக்கிறார்கள். பொறுமை இழந்த மான் கடிக்கும், முட்டும். வாங்கியதும் கொடுத்துவிட்டு, வெறுங்கைகளை விரித்துக் காட்டுங்கள், அவையே விலகிப்போகும். நம் பையிலிருக்கும் தின்பண்டத்தையோ பிளாஸ்டிக் உறையையோ அவற்றுக்கு எட்டவிடக் கூடாது. 2019-ல் இறந்த மான்கள் பலவற்றின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்தார்கள்.

புத்தரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். கிழக்கே மேட்டில் ஹொக்கேதோ என்ற பழைய கூடம் இருக்கிறது. வளாகத்தின் மிகப் பழைய கட்டடம் அதுதான். பொன்டென், தய்ஷாகுடென் என்ற பெயர்களில் பிரம்மாவையும் இந்திரனையும் அங்கே காணலாம். பெரிய மண்டபத்தில் படம் எடுக்கலாம், இங்கே கூடாது. போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

அதை ஒட்டி, மாடத்தோடு கூடிய நிகாட்சுதோ கூடம். 752 முதல் ஓர் ஆண்டும் விடாமல், 1180-ல் கோயில் எரிந்த பிறகும், இங்கே துறவிகள் உலகத்தாரின் பிழைகளுக்காக மன்னிப்பு வேண்டி வழிபாடு நடத்தி வருகிறார்கள். இப்போது பதினொரு துறவிகள் மார்ச் 1 முதல் 14 வரை அதை நடத்துகிறார்கள். இரவில் பெரிய தீப்பந்தங்கள் இந்த மாடத்தின் விளிம்பில் ஓடும். உதிரும் பொறிகளுக்காகக் கீழே கூட்டம் காத்திருக்கும். அந்த நாட்களில் போகிறவர்கள் எளிதில் பற்றிக்கொள்ளும் உடையைத் தவிர்க்க வேண்டும். மற்ற நாட்களில் மாடத்துக்கு டிக்கெட் இல்லை, கதவு அடைப்பதும் இல்லை. பெரிய மண்டபம் ஐந்து, ஐந்தரைக்கு மூடிய பிறகு மெல்ல ஏறிவாருங்கள். விளக்கு ஏற்றும் நேரத்தில் மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கீழே மண்டபத்தின் கூரை கருத்து, அதற்கு அப்பால் நாரா நகரம் ஒளிரத் தொடங்குவது தெரியும்.