ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், நாற்பது மாணவர்கள்: மின்சுற்றுப் பாடத்தைத் திரையில் நடத்துவது எப்படி?

புரொஜெக்டர் கைக்கு வந்ததும் பல வகுப்பறைகளில் முதலில் ஓடுவது வீடியோதான். இருபது நிமிடம் வீடியோ, ஐந்து நிமிடம் ‘புரிஞ்சுதா?’, மணி அடித்துவிடும். பிள்ளைகள் ரசித்துப் பார்ப்பார்கள். மறுநாள் கேட்டால் பின்னணி இசை நினைவிருக்கும், பாடம் இருக்காது. கணினியால் வகுப்பில் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: கரும்பலகையில் வரைந்த படம் அசையாது, திரையில் உள்ளதை அந்த நிமிடமே மாற்றிப் பார்க்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. என்ன நடக்கும் என்று மாணவர் முதலில் சொல்ல வேண்டும், அதன் பிறகே திரை காட்ட வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு வரிசையைக் காப்பாற்றத்தான்.

எடுத்துக்காட்டுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். தொடரிணைப்பு, பக்க இணைப்பு இரண்டையும் ஒரு பாடவேளையில் திரையில் நடத்தப் போகிறோம். வகுப்பு நேரத்தில் இணையம் தேவையில்லை.

தேவையானவை

மடிக்கணினி ஒன்று, புரொஜெக்டர் அல்லது பெரிய டிவி, அதற்கான கேபிள், மவுஸ் (டச்பேடை நம்பாதீர்கள், பார்ப்பவர்கள் பொறுமை இழப்பார்கள்), மாணவருக்கு ஒரு ஏ4 தாள். இவற்றோடு 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, டார்ச் பல்புகள் இரண்டு, ஹோல்டர், கொஞ்சம் கம்பி. உண்மையான மின்சுற்று எதற்கு என்பது பின்னால் தெரியும்.

படி 1: கோப்பை முந்தின நாளே இறக்கி வைப்பது

‘ஃபெட்’ என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் அறிவியல், கணிதப் பாவனைகளின் (சிமுலேஷன், அதாவது திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய மாதிரிச் சோதனைகள்) தொகுப்பு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது. தேடும்போது ஆங்கிலத்தில் பி, எச், இ, டி என்ற நான்கு எழுத்துகளோடு ‘சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட் டிசி’ என்று தட்டச்சு செய்யுங்கள்.

பாவனையின் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி கொண்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு இறங்கும். அதே பக்கத்தில் மொழிபெயர்ப்புகளின் பட்டியலும் உண்டு. அதில் தமிழ் இருந்தால் தமிழ்க் கோப்பையே இறக்குங்கள், இல்லையென்றாலும் கவலை வேண்டாம், திரையில் சொற்கள் குறைவு. கோப்பை டெஸ்க்டாப்பில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு இருமுறை சொடுக்கித் திறந்து பாருங்கள். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் ‘பள்ளியில் நெட் வரவில்லை’ என்று பாடத்தையே மாற்ற வேண்டி வருகிறது: அவர்கள் கோப்பை இறக்கியிருக்க மாட்டார்கள், பக்கத்தின் முகவரியை மட்டும் புக்மார்க் செய்திருப்பார்கள்.

படி 2: கேள்விகளைத் தயார் செய்வது

மூன்றே கேள்விகள் போதும். ஐந்து வைத்தால் கடைசி இரண்டு அரைகுறையாக முடியும்.

ஸ்லைடில் தட்டச்சு செய்யும்போது யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். விண்டோஸில் ‘நிர்மலா யுஐ’ ஏற்கெனவே இருக்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குறிகளின் குவியல்தான் தெரியும். பழைய வினாத்தாளிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள், எழுத்துருவும் வரியமைப்பும் எங்கும் மாறாது. எழுத்தளவு 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு கேள்வி, நான்கு விடைகள், ஒரு சுற்றுப்படம். அவ்வளவுதான்.

கேள்விகள் இவை:

1. ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பு. எது பிரகாசமாக எரியும்? (அ) நேர்முனைக்கு அருகில் உள்ளது (ஆ) எதிர்முனைக்கு அருகில் உள்ளது (இ) இரண்டும் சமம் (ஈ) எதுவும் எரியாது.

2. அந்தச் சுற்றில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது என்னவாகும்? (அ) கூடுதலாக எரியும் (ஆ) அப்படியே எரியும் (இ) மங்கும் (ஈ) அணையும்.

3. ஒரு பல்பு மட்டும் எரிகிறது. அதற்குப் பக்க இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு என்னவாகும்? (அ) பாதியாக மங்கும் (ஆ) மாறாது (இ) கூடுதலாக எரியும் (ஈ) அணையும்.

முதல் கேள்வியில் ‘அ’ விடையை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். தவறான விடைகளை ஏனோதானோவென்று நிரப்பினால் கேள்வியே வீண். பிள்ளைகள் உண்மையில் எப்படித் தவறாக நினைப்பார்களோ, அது விடைகளில் இருக்க வேண்டும்.

படி 3: திரையை இணைப்பது

எச்டிஎம்ஐ கேபிள் என்றால் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். பழைய புரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் ‘எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ’ மாற்றி வேண்டும். விஜிஏ கேபிள் ஒலியைக் கடத்தாது, அதனால் ஒலி வேண்டிய நாளில் தனி ஸ்பீக்கர் எடுத்துப் போங்கள். இன்றைய பாடத்துக்கு ஒலியே வேண்டாம்.

வரிசை: கேபிளைச் செருகுங்கள், புரொஜெக்டரை இயக்குங்கள், அதன் ‘சோர்ஸ்’ பொத்தானில் சரியான இணைப்பைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கணினியில் விண்டோஸ் விசையையும் ‘பி’யையும் சேர்த்து அழுத்தி ‘டூப்ளிகேட்’ கொடுங்கள். ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்தால் சுவரில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும், கோப்பு உங்கள் திரையிலேயே நிற்கும். ‘கனெக்ட் ஆகியும் வரவில்லை’ என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், திரை தானாக அணைவதையும் கணினி தூங்குவதையும் ‘நெவர்’ என்று மாற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள். வாட்ஸப் வெப்பை மூடுங்கள். சொந்தச் செய்தி ஒன்று நாற்பது பேர் முன் எட்டிப் பார்த்தால் அந்தப் பாடவேளை அதோடு சரி.

கரும்பலகைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் அணையுங்கள். முழு இருட்டாக்கினால் பிள்ளைகளால் எழுத முடியாது, பின்பெஞ்சு உறங்கவும் தொடங்கும். பிறகு நீங்களே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். எண் தெரியவில்லையென்றால் பாவனையின் இடது மூலையில் உள்ள பெரிதாக்கும் பொத்தானை அழுத்துங்கள். எஃப்11 அழுத்தினால் உலாவியின் பட்டைகள் மறைந்து முழுத்திரையாகும்.

படி 4: பாவனையில் மாற்ற வேண்டியவை

திறந்ததும் இரண்டு திரைகள் வரும். இரண்டாவதான ‘லேப்’ திரையைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பெட்டியில் கம்பி, மின்கலம், பல்பு, மின்தடை, சாவி (சுவிட்ச்) ஆகியவை இருக்கும். இழுத்து நடுவில் விட்டு, ஒன்றின் முனையை இன்னொன்றின் முனைமேல் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்க, இணைப்புப் புள்ளியைச் சொடுக்கினால் கத்தரிக்கோல் வரும். எல்லாம் குழம்பினால் வலப்பக்கக் கீழ்மூலையில் உள்ள ஆரஞ்சு நிற வட்டப் பொத்தான் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும்.

முக்கியமான ஒன்று. பாவனை முதலில் எலக்ட்ரான்கள் ஓடுவதைக் காட்டும், அதாவது எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு. பாடநூலில் அம்புக்குறி நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் ‘புக்குல தலைகீழா இருக்கே’ என்று யாராவது கேட்பார்கள், பத்து நிமிடம் அதிலேயே போகும். வலப்பக்க மேல் பலகையில் மின்னோட்டத்தைக் காட்டும் பகுதியில் எலக்ட்ரான்களுக்குக் கீழே உள்ள இரண்டாவது தேர்வைச் சொடுக்கி, மரபு மின்னோட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். அதே பலகையில் ‘மதிப்புகள்’ என்பதையும் இயக்குங்கள்.

மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்றே தொடக்கத்தில் இருக்கும். மாற்ற வேண்டாம், கணக்கு எளிது: ஒரு பல்பு 0.90 ஆம்பியர், தொடரில் இரண்டு என்றால் 0.45, பக்க இணைப்பில் இரண்டு என்றால் ஒவ்வொன்றிலும் 0.90, மின்கலத்திலிருந்து மொத்தம் 1.80.

படி 5: வகுப்பு

ஏ4 தாளை நான்காக மடித்து, கால்பகுதிக்கு ஒன்றாக அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கைபேசியும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

கேள்வி ஸ்லைடைக் காட்டுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ‘மூன்று’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தாளை மார்போடு பிடிக்க வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை பேர் என்று எண்ணிப் பலகையில் எழுதுங்கள், எது சரி என்று முகத்திலும் காட்டாதீர்கள்.

இனி எண்ணிக்கைதான் வழி காட்டும். சரியான விடை சொன்னவர்கள் பத்தில் ஏழு பேருக்கு மேல் என்றால் உடனே திரையில் காட்டி அடுத்ததற்குப் போங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் அடிப்படையே பதியவில்லை, சுண்ணாம்புக்கட்டியை எடுங்கள். இடையில் இருந்தால் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு, மறுபடி தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. அங்கும் உயிர்நாடி கேள்விதான், கருவி பிறகு.

வாதம் நடக்கும்போது புரொஜெக்டர் ரிமோட்டில் ‘பிளாங்க்’ அல்லது ‘மியூட்’ பொத்தானை அழுத்தித் திரையைக் கறுப்பாக்குங்கள். வெளிச்சம் இருக்கும்வரை கண் அங்கேயே இருக்கும், பக்கத்தில் இருப்பவன் சொல்வது காதில் ஏறாது.

பிறகு ஒரு மாணவியை மவுஸ் பிடிக்கக் கூப்பிடுங்கள். விதி: மவுஸ் பிடிப்பவர் சொந்தமாக எதுவும் செய்யக்கூடாது, வகுப்பு சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ‘அந்தக் கம்பியை எதனோடு சேர்க்கணும்?’ என்று அவள் கேட்க, அவர்கள் சரியான சொல்லில் பதில் சொல்ல வேண்டும். ‘அது, இது’ என்பதெல்லாம் அங்கே செல்லாது, ‘பல்பின் மறுமுனை’, ‘சாவியின் இடது முனை’ என்ற பேச்சு தானாக வரும். கேள்விக்கு ஒருவர் என்று ஆளை மாற்றுங்கள்.

முதல் கேள்விக்கு, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை மூன்று இடங்களில் வைத்துக் காட்டுங்கள்: முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின். மூன்றிலும் 0.45. மின்னோட்டம் வழியில் செலவாவதில்லை என்பதை அந்த மூன்று எண்கள் சொல்லிவிடும். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. பாவனையில் கம்பியைத் தொட்டாலே அளவு காட்டும் அம்மீட்டர் ஒன்றும், சுற்றில் தொடராகச் சேர்க்கும் அம்மீட்டர் ஒன்றும் இருக்கும். தொடராகச் சேர்ப்பதையே பயன்படுத்துங்கள், சுற்றை வெட்டித்தான் அதைச் செருக வேண்டும். தொடும் வகையில் பழகிய பிள்ளை செய்முறைத் தேர்வில் அம்மீட்டரை மின்தடைக்குக் குறுக்கே வைக்கும். அது பழுதாகிவிடும்.

இரண்டாவது கேள்வி எளிது, வாதமில்லாமல் ஓடிவிடும். மூன்றாவதுக்கு நேரத்தை மிச்சம் வையுங்கள்.

படி 6: திரைக்கு வெளியே

மூன்றாவது கேள்வியில் திரை ‘மாறாது’ என்று காட்டும். இப்போது மேஜையில் உள்ள உண்மையான மின்கலத்தையும் டார்ச் பல்புகளையும் இணையுங்கள். இரண்டாவது பல்பைச் சேர்த்ததும், குறிப்பாக மின்கலம் பழையதாக இருந்தால், முதல் பல்பு சற்று மங்கும். திரை பொய் சொன்னதா? மின்கலத்துக்கு அக மின்தடை (அதன் உள்ளேயே இருக்கும் தடை) உண்டு, பாவனை அதைச் சுழியாக வைத்திருக்கிறது. வலப்பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியைத் திறந்து மின்கலத்தின் மின்தடையை 5 ஓம் ஆக்குங்கள். ஒரு பல்பு மட்டும் இருந்தால் 0.60 ஆம்பியர், இரண்டாவது சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் 0.45. இப்போது திரையும் மங்கும். அக மின்தடை பற்றி ஒரு பக்கம் எழுதிப் போடுவதைவிட இந்த இரண்டு எண்கள் நன்றாகப் பதியும்.

குறுக்குச்சுற்றை (மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைப்பதை) பாவனையில் மட்டும் காட்டுங்கள். மின்கலத்தின் மின்தடையை மறுபடி சுழியாக்கிவிட்டு இணைத்தால், அது தீப்பற்றி எரிவது தெரியும். உண்மையான மின்கலத்தில் வேண்டாம், கம்பி கையைச் சுடும்.

மின்சாரம் போனால்

விடை காட்டும் தாள்கள் கையில் இருக்கின்றன, உண்மையான சுற்று மேஜையில் இருக்கிறது, மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. சுற்றுப்படத்தைப் பலகையில் வரைந்து தொடரலாம். பல்பு வகைப் புரொஜெக்டர் என்றால் மின்சாரம் வந்தவுடன் இயக்காமல் சில நிமிடம் ஆற விடுங்கள். பாடம் முடிந்து அணைக்கும்போதும் ரிமோட்டில் அணைத்து, விசிறி நின்ற பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். சூடாக இருக்கும்போதே பிடுங்கினால் விளக்கின் ஆயுள் குறையும்.

பாடம் முடிந்த பின்

எக்ஸெல் அல்லது லிப்ரெஆஃபிஸ் கால்க்கில் ஒரே ஒரு தாள்: வரிசைக்கு ஒரு கேள்வி, நெடுவரிசைகளில் அ, ஆ, இ, ஈ எண்ணிக்கை, வாதத்துக்கு முன்னும் பின்னும். மாணவர் பெயர் தேவையில்லை. வாதத்துக்குப் பிறகும் ‘அ’வில் பலர் நின்றிருந்தால், அடுத்த வாரம் அதே கருத்தை வேறு உருவில் கேளுங்கள்: தொடரில் மூன்று பல்புகள், நடுவில் உள்ளதில் எவ்வளவு மின்னோட்டம்? திரையைத் திறக்குமுன் கணக்கிட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 0.30 ஆம்பியர்.