அல்கொங்குவினில் இலை நிறம் பார்க்கப் போவது எப்படி: நாள் குறிப்பதிலிருந்து படம் எடுப்பது வரை

ரொறன்ரோவிலிருந்து இலையுதிர்கால நிறம் பார்க்கப் புறப்படும் பலர் அக்டோபர் இரண்டாம் திங்களோடு வரும் தாங்ஸ்கிவிங் நீண்ட விடுமுறையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். விடுமுறைக்கு அது வசதி. ஆனால் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள அல்கொங்குவின் பூங்காவின் மேற்குப் பகுதியில் சிவப்பும் செம்மஞ்சளுமாக எரிகிற சர்க்கரை மேப்பிள் மரங்கள் அதற்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நான்கு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து போய் மொட்டைக் கிளைகளைப் பார்த்துத் திரும்பும் ஏமாற்றம் ஆண்டுதோறும் நடக்கிறது. கொஞ்சம் மரத்தையும் கொஞ்சம் வானிலையையும் படிக்கத் தெரிந்தால் இதைத் தவிர்த்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்காக ஒவ்வொரு படியாக எழுதியிருக்கிறோம்.

படி 1: எந்த மரத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"உச்சம் எப்போது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உச்சம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, சர்க்கரை மேப்பிள். சராசரியாக செப்டம்பர் 27ஐ ஒட்டி இது உச்சத்துக்கு வரும். பூங்காவின் பதிவுகளில் மிக முந்திய உச்சம் 1982 செப்டம்பர் 15; மிகப் பிந்தியது 1996 அக்டோபர் 9. ஏறக்குறைய மூன்றரை வார இடைவெளி இது. அதனால்தான் நாள்காட்டியை மட்டும் நம்பி, மாதங்களுக்கு முன்பே விடுதி பிடிப்பது சூதாட்டமாகிவிடுகிறது.

இரண்டாவது, பொப்லரும் வெள்ளை பேர்ச்சும். அக்டோபர் முதல் பாதியில் இவை முழு மஞ்சளாகும். மூன்றாவது, டமராக். ஊசியிலை மரம்தான், ஆனால் ஊசிகளை உதிர்க்கும் மரம். அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை சதுப்பு நிலங்களில் தங்க நிறத்தில் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, செப்டம்பர் முதல் பாதியிலேயே, ஏரிக்கரையிலும் சேற்று ஓரங்களிலும் சில மரங்கள் தனியாகச் சிவந்து நிற்கும். அவை சிவப்பு மேப்பிள். "இப்பவே நிறம் வந்துவிட்டது" என்று யாராவது படம் அனுப்பினால் முதலில் இலையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் வாள்பல் போல இருந்து, மடல்களுக்கு நடுவே உள்ள வெட்டு கூர்மையாக இருந்தால் அது சிவப்பு மேப்பிள். மலைச்சரிவு முழுவதும் மாறுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஓரம் வழவழப்பாகவும் வெட்டு வளைவாகவும் இருந்தால் சர்க்கரை மேப்பிள்.

இடமும் முக்கியம். பூங்காவின் மேற்குப் பாதி உயரமான மேட்டு நிலம். சர்க்கரை மேப்பிள், மஞ்சள் பேர்ச், பீச், ஹெம்லொக் எல்லாம் அங்கேதான் அடர்த்தி. கிழக்கே போகப் போகப் பைனும் பொப்லரும் கூடும். சிவப்பு வேண்டுமென்றால் மேற்கு வாயில் பக்கம், செப்டம்பர் கடைசி வாரம்.

வெள்ளைப் பைன் மரத்தின் உட்பக்க ஊசிகள் இந்தக் காலத்தில் மஞ்சளாகிக் கொட்டுவதைப் பார்த்து மரம் நோயில் சாகிறது என்று சிலர் கவலைப்படுவார்கள். அது மூத்த ஊசிகளின் வழக்கமான உதிர்வு. நுனிகள் பச்சையாக இருக்கும்வரை மரத்துக்கு ஒன்றுமில்லை.

படி 2: வானிலையைப் படியுங்கள்

இலை மாறத் தொடங்குவதற்கான முதல் அடையாளத்தைக் கொடுப்பது குளிரல்ல, இரவின் நீளம். செப்டம்பர் கடைசியில் இந்த அட்சரேகையில் பகல் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 3 நிமிடம் குறைகிறது. அதை உணர்ந்து மரம் புதிய பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளரத் தொடங்குகிறது. பச்சை விலகும்போது, கோடை முழுக்க இலைக்குள்ளேயே மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் வெளியே தெரிகின்றன. மஞ்சள் எந்த ஆண்டும் பெரிதாக ஏமாற்றாததற்குக் காரணம் இதுதான்.

சிவப்பு வேறு கதை. அந்தோசயனின் என்ற நிறமி இலையில் ஏற்கனவே இருப்பதல்ல. இலையுதிர்காலத்தில், இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது. அதற்கு வெயில் வேண்டும். ஒரே மரத்தில் வெயில்படும் உச்சி சிவந்தும், நிழலில் உள்ள கீழ்க்கிளை மஞ்சளாகவும் நிற்பதை அங்கே பார்ப்பீர்கள்.

ஆகவே நல்ல சிவப்புக்கு வேண்டியது: பளிச்சென்ற பகல்கள், 10 பாகைக்குக் கீழே இறங்கும், ஆனால் கடுமையாக உறையாத இரவுகள். பகல் வெயில் சர்க்கரையைச் செய்கிறது. குளிர்ந்த இரவு அதை இலையிலேயே தங்க வைக்கிறது. கெடுப்பவை நான்கு. தொடர்ந்த முகில் மூட்டம் சிவப்பை மங்கவைக்கும். சூடான, ஈரமான செப்டம்பர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டு நிறத்தையும் வெளுக்கச் செய்யும். கோடை வறட்சி கடுமையாக இருந்தால் இலைகள் நிறம் முதிராமலே பழுப்பாகிக் கொட்டும். கடும் உறைபனி இலையின் உயிரணுக்களைக் கொன்றுவிடும். அதன் பிறகு சிவப்பு கூடாது. இலேசான உறைபனிக்குப் பயப்பட வேண்டாம். செப்டம்பர் கடைசியில் அங்கே பகல் 15 பாகை அளவிலும் இரவு 5 பாகை அளவிலும் இருப்பது வழக்கம். விடிகாலையில் புல்லில் வெண்பூச்சாக உறைபனி படிவது சாதாரணம்.

இனி முன்னறிவிப்பைப் பார்க்கும் முறை. செப்டம்பரில் சில நாட்களுக்கு ஒருமுறை குளிர்முகம், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்து போகும். வரிசை பெரும்பாலும் இப்படி: தென்மேற்குக் காற்றோடு ஒரு வெதுவெதுப்பான நாள், பிறகு மழை, பிறகு வடமேற்குக் காற்று, அதன் பிறகு தெளிந்த வானமும் குளிர்ந்த இரவுமாக ஓரிரு நாள். என்விரன்மென்ட் கனடாவின் முன்னறிவிப்பில் காற்றின் திசை வடமேற்குக்கு மாறும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே குளிர்முகம் நிறத்தைக் கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும். உச்சத்துக்கு முன்பு வந்தால் அதன் பின்னால் வரும் தெளிந்த நாட்கள் சிவப்பை ஏற்றும். உச்சத்தில் வந்தால், காம்பு ஏற்கனவே தளர்ந்திருக்கும். மழையும் வேகக் காற்றும் ஒரே இரவில் சரிவை மொட்டையாக்கிவிடும். எனவே நிறம் பாதிதான் வந்திருக்கிறது என்றால் குளிர்முகம் கடந்த பிறகு போங்கள். முழுதாக வந்துவிட்டது, நாளை மறுநாள் பலத்த காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால், காற்றுக்கு முன்பே போங்கள். இந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

படி 3: நிற அறிக்கையைப் படியுங்கள், அனுமதியை வாங்குங்கள்

ஒன்ராறியோ பார்க்ஸ் தன் இணையதளத்தில் இலையுதிர்கால நிற அறிக்கை வெளியிடுகிறது. அதில் நிறம் மாறிய சதவீதத்தை மட்டும் பார்ப்பது தொடக்கநிலைத் தவறு. பக்கத்திலேயே இலை உதிர்ந்த சதவீதமும் இருக்கும். நிறம் 60 முதல் 80, உதிர்வு 20க்குக் கீழே என்றால் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் கிளம்புங்கள். நிறம் 100 என்று வரும்வரை காத்திருந்தால் உதிர்வும் சேர்ந்தே ஏறியிருக்கும். பூங்காவின் பார்வையாளர் மையத்தில் உள்ள இணையக் கமராவையும் பாருங்கள். ஆனால் அது கிழக்குப் பக்கமாக இருப்பதால், மேற்குச் சரிவுகளின் நிலையை அதை மட்டும் வைத்துக் கணிக்க வேண்டாம்.

பூங்காவுக்குள்ளால் போகும் 60ஆம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் கடந்து போக அனுமதி தேவையில்லை. எங்கே நிறுத்தி இறங்கினாலும் வண்டிக்கு அன்றாட அனுமதி வேண்டும். வருகை நாளுக்கு 5 நாள் முன்பிருந்து இணையத்தில் வாங்கலாம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரச் சனி ஞாயிறுகளில் அது தீர்ந்துபோகும். தீர்ந்தால் வாயிலில் கேட்டும் பயனில்லை. முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன் ஒன்றில் போங்கள். வார நாளில் ஒரு நாள் விடுப்பு எடுப்பது இந்தப் பயணத்துக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு என்று உறுதியாகச் சொல்வோம்.

படி 4: உடுப்பும் வண்டியும்

ரொறன்ரோவில் ரீசேர்ட் போதுமான நாளில் அங்கே காலை 2 பாகையாக இருக்கலாம். மூன்று அடுக்காக உடுத்துங்கள்: உள்ளே வியர்வையை உறிஞ்சித் தேக்காத செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜக்கெற். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுக்கும். சப்பாத்தின் அடிப்பகுதி பிடிமானமாக இருக்கட்டும். பாறைமேல் படிந்த ஈர இலை நன்றாக வழுக்கும். சிறு பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறை இரண்டு சோடி. நுளம்பும் கருப்பு ஈயும் இந்தக் காலத்தில் அநேகமாக இல்லை என்பது ஒரு பெரிய நிம்மதி.

பெற்றோலை ஹன்ட்ஸ்வில்லிலேயே நிரப்புங்கள். பூங்காவுக்குள் கைப்பேசி அலை பல இடங்களில் கிடைக்காது; வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் வழிகாட்டியில் "அல்கொங்குவின் பூங்கா" என்று மட்டும் போட்டால் 7,600 சதுர கிலோமீற்றர் காட்டின் நடுவில் எங்காவது ஒரு புள்ளியைக் காட்டி, மண்சாலைக்குக் கொண்டுபோகும். "மேற்கு வாயில்" என்று குறிப்பாகப் போடுங்கள்.

படி 5: அன்றைய வழி

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலை, பிறகு 11, ஹன்ட்ஸ்வில்லில் 60. மேற்கு வாயில் வரை ஏறக்குறைய 280 கிலோமீற்றர், நெரிசலில்லாமல் மூன்று மணி நேரம். காலை 5:30க்குப் புறப்பட்டால் 9 மணிக்குள் உள்ளே இருக்கலாம். அந்தக் காலத்தில் சூரியன் உதிப்பதும் மறைவதும் 7 மணி வாக்கில். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுவதால் இரு முறையும் தாழ்ந்த வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள்.

தெளிந்த, காற்றில்லாத குளிர் இரவுக்குப் பிறகு ஏரிகள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் இருக்கிறது. மேலே உள்ள காற்று மட்டும் குளிர்ந்திருக்கிறது. பார்க்க அற்புதம், ஓட்டக் கவனம். மூடுபனியில் உயர் ஒளி போடாதீர்கள். அது திரும்பிக் கண்ணை மறைக்கும்.

உள்ளே 56 கிலோமீற்றர் சாலையில் தூரக் கற்கள் மேற்கு வாயிலிலிருந்து எண்ணப்படுகின்றன. முதலில் 40ஆவது கிலோமீற்றருக்குச் சற்று முன்னால் உள்ள லுக்அவுட் பாதைக்கு நேரே போய்விடுங்கள். ஏறக்குறைய 2 கிலோமீற்றர் சுற்று. ஏற்றம் செங்குத்து, மேலே பாறை விளிம்பில் வேலி கிடையாது, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு மேல் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி நடப்பது ஆபத்து.

பிறகு 43ஆவது கிலோமீற்றரில் பார்வையாளர் மையம். அதன் பின்புற மேடையிலிருந்து பார்த்தால் சதுப்பும் காடும் விரியும். அங்கிருந்து மேற்கே திரும்பி, மதியத்துக்குப் பிறகு 14ஆவது கிலோமீற்றருக்கு அருகில் உள்ள ஹார்ட்வுட் லுக்அவுட். சுமார் ஒரு கிலோமீற்றர்தான். முதியவர்களோடு போகிறவர்கள் நேரம் எடுத்து மெல்ல ஏறலாம். மேப்பிள் காட்டின் உள்ளே நின்று நிமிர்ந்து பார்க்க இதைவிட நல்ல குறும்பாதை இந்தச் சாலையில் இல்லை. கூட்டம் லுக்அவுட்டில் குவிவதால் இங்கே அமைதியும் கிடைக்கும்.

இருட்டுவதற்கு முன் வெளியேறுங்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் மூஸ் மான்களின் இணைசேரும் காலம்; அந்தியில் சாலைக்கு வரும். உடல் கருப்பு, கண்ணோ வண்டி விளக்கின் உயரத்துக்கு மேலே இருப்பதால், மற்ற விலங்குகளைப் போல மின்னி எச்சரிக்காது. வேக எல்லை 80. அந்தியில் அதற்கும் குறைவாக ஓட்டுங்கள். கருங்கரடி உள்ள காடு என்பதால் உணவு மிச்சத்தை மேசையில் விடாமல், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

படி 6: படம்

நீலவானம்தான் நல்லது என்பது பாதி உண்மை. தூரக் காட்சிக்கு வெயில் வேண்டும். காட்டுக்குள் மெல்லிய முகில் மூட்டமே மேல்; நிழலும் வெளிச்சமும் திட்டுத்திட்டாக விழாது. மழை விட்ட உடனே எடுப்பது இன்னும் மேல். மெழுகுப் பூச்சுள்ள இலை வானத்தைப் பிரதிபலித்து வெளுத்துத் தெரியும். கமரா இருந்தால் போலரைசர் வடிகட்டியைப் பூட்டி, பளபளப்பு மறையும்வரை மெல்லச் சுழற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் ஒளி குறையும் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாவது). காற்றில் ஆடும் இலைக்கு ஷட்டர் வேகம் வினாடியில் 1/250க்குக் கீழே போகாதபடி ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்திறன் அளவை) ஏற்றுங்கள்.

கைப்பேசியில் இரண்டு திருத்தம் போதும். வெள்ளைச் சமநிலை தானியங்கியில் இருந்தால் கமரா செம்மஞ்சளைத் தவறென்று எண்ணி நீலத்தைச் சேர்க்கும். ப்ரோ முறையில் 5500 கெல்வின் வைத்துவிடுங்கள். இலைமேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். பின்னர் நிறச்செறிவைக் கூட்ட வேண்டாம்; சிவப்பு நிரம்பி வழிந்து இலை நரம்புகள் அழிந்துவிடும். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, ஒளி இலையை ஊடுருவி வரும்படி ஒரு படமாவது எடுங்கள்.

பிந்திவிட்டால்

மேப்பிள் உதிர்ந்த பிறகுதான் நேரம் கிடைத்ததா? பயணத்தைக் கைவிடத் தேவையில்லை, இலக்கை மாற்றுங்கள். அக்டோபர் முதல் பாதியில் பூங்காவின் கிழக்குப் பக்கம் பொப்லர் மஞ்சளுக்குப் போங்கள். அல்லது தெற்கே ஒரு படி இறங்கி, 35ஆம் நெடுஞ்சாலையில் டோர்செற் கோபுரத்தில் ஏறுங்கள். 30 மீற்றர் உயர இரும்புக் கோபுரம், உயரத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஏற்றதல்ல. அக்டோபர் கடைசியில் ஸ்ப்ரூஸ் பொக் பலகைப்பாதையில் டமராக் தேடலாம். வெகுதூரம் ஓட்ட மனமில்லாதவர்களுக்கு ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளே இருக்கின்றன: டொன் பள்ளத்தாக்கு, ரூஜ் பூங்கா, ஹை பார்க். அங்கே நிறம் அக்டோபர் நடுவுக்குப் பிறகுதான் முதிரும். ஹை பார்க்கின் ஓக் மரங்கள் நவம்பர் தொடக்கம் வரைகூடச் செம்பழுப்பு இலைகளோடு நிற்கும்.