சூரிய அலை வீடியோவில் ஏமாறும் இடங்கள்

சூரியனில் வெடிப்பு என்று செய்தி வந்தால் போதும், கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். சூரியன்மேல் ஒரு வளையம் விரிந்துகொண்டே போகும். "நெருப்பு கெளம்பிருச்சுங்க, நாளைக்கு இங்க வந்துருமாம்" என்று கீழே ஒரு வரி.

வராதுங்க. அது கொரோனாவில், அதாவது 10 லட்சம் டிகிரியையும் தாண்டிச் சுடும் சூரியனின் வெளி வளிமண்டலத்தில், ஓடுகிற அலை. சோளக்காட்டில் காற்றடித்தால் சோளத்தட்டு நின்ற இடத்தில் நிற்க, சாய்வு மட்டும் வரப்புவரை ஓடுமே, அப்படி. சூரியன்மேலேயே ஓடி மங்கிவிடும். பூமிப்பக்கம் வரக்கூடியது வெடிப்பில் வீசப்படும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னூட்டம் கொண்ட சூடான வாயு. அதற்குப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும்.

பெரிய ஏமாற்று அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. அது நேரடிப் படமே அல்ல. ஒரு படத்திலிருந்து அதற்கு முந்தைய படத்தைக் கழித்து எடுத்தது. பளிச்சென்று இருந்தால் கூடியது, கறுப்பென்றால் குறைந்தது. அலை கடந்த இடம் பழைய வெளிச்சத்துக்குத் திரும்பினாலே கறுப்பாகத்தான் விழும். அதைப் பார்த்து 'சூரியனில் ஓட்டை' என்று எழுதிவிடுகிறார்கள். வெடிப்புக்கு முந்தைய ஒரே படத்தை எல்லாவற்றிலிருந்தும் கழித்துப் பார்த்தால்தான் உண்மையில் எங்கே மங்கியது என்று தெரியும். அதிலும் மணிக்கணக்காக ஓட்டினால், சூரியன் சுழல்வதால் பொய்த்தடங்கள் வரும்.

வேகத்திலும் கவனம் வேண்டும். 1997-இல் சோஹோ விண்கலம் இந்த அலைகளைக் காட்டியபோது அதன் படங்களுக்கிடையே பத்து நிமிடத்துக்கும் மேல் இடைவெளி. விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. 2010-இல் ஏவப்பட்ட எஸ்டிஓ என்ற விண்கலம் 12 விநாடிக்கு ஒரு படம் எடுக்க, ஆயிரத்தைத் தாண்டுகிறவையும் சிக்கின. கொரோனா துளை (நிஜ ஓட்டை இல்லை, கொரோனாவில் அடர்த்தி குறைந்து மங்கலாகத் தெரியும் பகுதி) குறுக்கே வந்தால் அலை திரும்பும், வளையும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்வது சரியில்லை.

சுடரொளி (வெடிப்பில் திடீரென்று பளிச்சிடும் வெளிச்சம்) பெரிது, அதனால் அலையும் பெரிது என்பதும் தப்புக்கணக்கு. அலையைக் கிளப்புவது பெரும்பாலும் பிளாஸ்மா வீச்சின் தள்ளல். 2014 அக்டோபரில் 12192 என்ற கரும்புள்ளிக் கூட்டம் மிக வலுவான எக்ஸ் வகைச் சுடரொளிகளை அடுத்தடுத்து விட்டது. வீச்சு ஏறக்குறைய இல்லை.

அப்புறம், 2019 டிசம்பர் 26 காலை கோவை, ஈரோடு, கரூர் பக்கம் தெரிந்த கிரகண வளையத்தைக் கொரோனா என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது சூரியப் பரப்பின் விளிம்பு. கொரோனா அதைவிடப் பல லட்சம் மடங்கு மங்கல்; முழுக் கிரகணத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.