கொக்குவிலுக்குப் போகுமுன் பெறவேண்டிய ஓர் ஒப்பம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகும்போது, கடைகள் குறைந்து, மதில்களுக்கு மேலால் மாங்கொப்புகள் வீதிக்குச் சாயத் தொடங்கும் இடம் கொக்குவில். கிழக்கே திருநெல்வேலியும் வடகிழக்கே கோண்டாவிலும் அதே நிழலோடு தொடர்கின்றன. நகருக்கு இவ்வளவு அருகில் இருந்தும் ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஒரு வளவும், வளவுக்குள் கிணறும், மாவும் பலாவும் தேசியும் வேம்பும் நிற்கும் ஊர்கள் இவை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்ன ஆசையுள்ளவர்கள் வைகாசி, ஆனியில் போகவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களுக்காகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பழம் மிஞ்சாது. ஒழுங்கைகளைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கு முன் நடந்துதான் போகவேண்டும். கிடுகு வேலிகள் அனேகமாக மதில்களாகிவிட்டன, ஆனாலும் பூவரசும் கிளுவையும் நிற்கும் வேலிகள் உள்ளொழுங்கைகளில் இன்னும் இருக்கின்றன.

உங்கள் பெயரில் அங்கே ஒரு துண்டுக் காணியேனும் இருந்தால், இந்த நடைக்கு நேரம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். எனக்குக் கிடைத்த மூன்று கிழமைகளும் காணி அலுவலிலேயே போயின.

1991இல் எனக்குச் சீதனமாக எழுதப்பட்ட எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், வளவு அது. அடுத்த ஆண்டே நாங்கள் கனடாவுக்குப் போய்விட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமமே, அதாவது இந்தப் பகுதி முழுவதுமே, இடம்பெயர்ந்தபோது சின்னம்மாவும் எனக்குத் தம்பி முறையான அவருடைய மகனும் மீசாலைக்கு நடந்து போனார்கள். மறு ஆண்டு திரும்பிவந்து, கூரை சரிந்து கிடந்த எங்கள் வீட்டைத் திருத்தி, அன்றிலிருந்து அவர்களே காத்து வருகிறார்கள். இம்முறை நான் இறங்கிய இரண்டாம் நாள், தலைவாசலில் தேநீரை வைத்துவிட்டுத் தம்பி கேட்டான்: "அக்கா, மகளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்திருக்கு. முன்பக்கம் இரண்டு பரப்பை அவளின்ர பெயரில எழுதித் தருவீங்களோ?"

கேட்டவுடன் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பத்து ஆண்டுகள் ஆண்டால் காணி அவர்களுடையதாகிவிடும் என்று ரொறன்ரோவில் உறவினர் சொல்லியனுப்பிய பயமும் அதில் கலந்திருந்தது. அந்தப் பயம் பிழையானது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் கேட்பது உரிமையாளருக்கு எதிரான பத்தாண்டு ஆட்சியை; உங்கள் அனுமதியோடு வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் காலம், அவர் அந்த நிலையை வெளிப்படையாக மாற்றாதவரை, அதில் சேராது. போரினால் தம் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விடுவதற்கு 2016இல் தனிச்சட்டமும் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு போயிருந்தால், என் வீட்டின் கூரையைத் தன் கையால் வேய்ந்தவனை அந்த முதல் இரவில் அப்படிப் பார்த்திருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு, காணியின் மூலப் பத்திரமான தாய் உறுதியோடு, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். அவர் உறுதியை வாசித்து முடித்துவிட்டு, "கணவர் வந்திருக்கிறாரா?" என்றார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியையே உயிரோடிருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. சீதனக் காணிக்கும் அது பொருந்தும். நகையை விற்கலாம், மரணசாசனம் எழுதலாம், காணியை மட்டும் தனியே கொடுக்க இயலாது. கணவர் கைவிட்டிருந்தாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். மூன்று கிழமை விடுமுறையில் அது நடக்கிற காரியமல்ல. பல்லாண்டாக வெளிநாட்டில் குடியிருப்பவர்களைத் தேசவழமை கட்டுப்படுத்துமா என்பது வழக்கறிஞர்கள் வாதிடக்கூடிய கேள்விதான். ஆனால், பின்னாளில் உறுதியில் ஓட்டை காணப்படுவதை எந்த நொத்தாரிசும் விரும்பமாட்டார். அவர் என்னைத் திருப்பி அனுப்பியது சரியே. முப்பது ஆண்டுகள் உழைத்து வாழ்ந்த பெண்ணிடம் இந்த ஒப்பம் கேட்கப்படுவது சரியல்ல என்பதையும் சொல்லவே வேண்டும்.

அன்றிரவு தொலைபேசியில் கணவரிடம் சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார். ஆனால் வாய்ச் சம்மதத்தை வைத்து உறுதி முடிக்க முடியாது. இலங்கைத் தூதரக அலுவலர் முன் ஒப்பமிட்ட அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், வேண்டும். அது தபாலில் வந்து, இங்கே பதிவாகவும் வேண்டும். நாட்களை எண்ணிப் பார்த்தேன், போதவில்லை. நான் சட்டத்தைச் சாட்டித் தப்புகிறேன் என்று தம்பி நினைத்தான். பிறகு அவன் காலையில் கிணற்றடிக்கு வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னம்மா மட்டும், "நீ எப்பவும் அவசரமாத்தான் போறனி" என்றார்.

ஆகவே, காணியுள்ள பெண்கள் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, யாரும் எதையும் கேட்காவிட்டாலும், கணவரின் அற்றோணித் தத்துவத்தைக் காணியின் விபரத்தோடு எழுதுவித்து வைத்திருங்கள். அதன் வாசகத்தை ஊரிலுள்ள நொத்தாரிசிடமே கேட்டுப் பெறுங்கள். சகோதரர்களோடு பிரிக்கப்படாத பங்காக இருக்கும் காணியை வெளியாருக்கு விற்க நினைத்தால், உடன்பங்காளிகளுக்குள்ள முதல் வாங்கும் உரிமையையும் விசாரியுங்கள். அதற்கு 1947ஆம் ஆண்டில் இயற்றிய தனிக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. காணியின் ஒரு துண்டை மட்டும் கொடுப்பதானால், நீங்கள் அங்கே நிற்கும்போதே நில அளவையாளரை அழைத்து, கொடுக்கப்படுபவரோடு சேர்ந்து எல்லையை நடந்து பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. அந்த இரண்டு பரப்பின் ஓரத்தில்தான் அப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் நிற்கிறது.

கணவர் ஒப்பமிட்ட பத்திரம் சென்ற கிழமை தபாலில் போயிற்று. மரம் அவன் மகளின் பக்கம் வரும்படி கோட்டைப் போடச் சொல்லித் தம்பிக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.