சைக்கிள் ஹெல்மெட் சட்டம் வேண்டுமா? வாதாடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஹெல்மெட் பேச்சு வராமல் இருக்காது, வந்துவிட்டால் சண்டையில் முடியாமலும் இருக்காது. ஒருவர் "தலை போனால் திரும்ப வருமா, பேசாமல் சட்டம் போட வேண்டியதுதானே" என்பார். இன்னொருவர் "நெதர்லாந்தில் யார் ஹெல்மெட் போடுகிறார்கள், அங்கேதானே எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள்" என்பார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதில் சொல்லவே இல்லை.

அதனால் வாயைத் திறப்பதற்கு முன் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விழுகிற ஒருவரின் தலையை ஹெல்மெட் காப்பாற்றுமா என்பது ஒன்று. போடாதவருக்கு அபராதம் விதித்தால் எல்லாருக்கும் சேர்த்து நல்லது நடக்குமா என்பது வேறு. முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒரே ஆள் சொல்லலாம், அதில் முரண்பாடு எதுவும் கிடையாது. என் நிலைப்பாடும் ஏறக்குறைய அதுதான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், பதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் இருப்பது ஒரு நுரைப் பொருள், தெர்மோகோல் வகைதான். தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்கு இன்னும் சில மில்லிசெகண்டுகள் அவகாசம் கொடுக்கிறது, அதனால் மூளைக்குப் போகிற அதிர்ச்சி குறைகிறது. 2016இல் ஒலிவியர், கிரெய்டன் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டு விபத்தில் சிக்கியவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதமும் குறைவு என்று வந்தது. ஹெல்மெட் போட்டால் கழுத்து அடிபடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், இந்தத் தொகுப்பில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கும் என்ற எண்ணை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது 1989இல் சியாட்டிலில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது, பல வருடங்கள் எல்லா விளம்பரப் பலகையிலும் இருந்தது, பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. 2013இல் அமெரிக்க அரசு நிறுவனங்களே தங்கள் பக்கங்களிலிருந்து அதை எடுத்துவிட்டன. எதிரில் இருப்பவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் அப்புறம் நீங்கள் சொல்கிற சரியான எண்ணையும் அவர் நம்ப மாட்டார்.

அதே போல எதிர்த்தரப்பு கையில் எடுக்கிற ஒன்று உண்டு: ஹெல்மெட் போட்டவரை வண்டிகள் இன்னும் நெருங்கி முந்துகின்றன என்பது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் தன் சைக்கிளில் கருவி பொருத்தி அளந்து, 2006இல் வெளியிட்டார். ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் கூடுதல் நெருக்கத்தில் முந்தின. (அளந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன, இரண்டு தடவையும் ஹெல்மெட் போட்டிருந்தாராம்.) கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதே தரவை 2013இல் வேறு ஆய்வாளர்கள் திரும்ப ஆராய்ந்து, ஆபத்தான அளவுக்கு நெருங்கிய முந்தல்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த 8.5 சென்டிமீட்டரில் தொங்கவிடாதீர்கள்.

ஹெல்மெட்டின் எல்லையையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078 சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான பரப்பில் விடுகிறார்கள், மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அதாவது சைக்கிளிலிருந்து விழுகிற தலையை மனதில் வைத்துச் செய்த சாமான் அது. இதைச் சொன்னதும் "அப்போ கார் மோதினால் பிரயோஜனமே இல்லை" என்று ஒருவர் கிளம்புவார், அதுவும் தவறு, ஏனென்றால் கார் தட்டிவிட்டாலும் தலை கடைசியில் போய் மோதுவது பல நேரம் ரோட்டில்தான். மோதுவதையே அது தடுக்காது என்பதுதான் சரியான விமர்சனம். மோதலைத் தடுக்கிறது தனிப்பாதையும் குறைந்த வேகமும்.

சரி, இரண்டாவது கேள்வி. நிஜமான சண்டை இங்கேதான்.

உலகத்திலேயே முதலில் எல்லா வயதினருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1 அன்று. 1992க்குள் மற்ற மாநிலங்களும் வந்துவிட்டன, நியூசிலாந்து 1994இல். சட்டம் வந்ததும் ஹெல்மெட் போடுகிறவர்கள் மளமளவென்று கூடினார்கள், தலைக்காயங்கள் குறைந்தன. ஆதரிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எதிர்க்கிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பார்கள்: அந்த மாநிலத்தின் தலைநகரான மெல்போர்னில் சாலையோரம் நின்று எண்ணியபோது சைக்கிள்களும் குறைந்திருந்தன, அதிலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் ரொம்பவே குறைந்திருந்தார்கள். போதாததற்கு அதே காலத்தில் விக்டோரியாவில் வேகக் கேமராக்களும் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான கெடுபிடியும் வந்தன. குறைந்த காயங்களில் எவ்வளவு ஹெல்மெட்டால், எவ்வளவு கேமராவால், எவ்வளவு ஓட்டுவதையே விட்டவர்களால் என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். யாராவது உங்களிடம் வெறும் காயங்களின் எண்ணிக்கையைக் காட்டினால், ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வாதங்கள் நின்றுவிடும்.

ஓட்டுகிறவர்கள் குறைந்தால் என்ன நஷ்டம்? இரண்டு. ஒன்று உடல்நலம். 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள், குறுகிய தூரத்துக்குக் காரை விட்டு சைக்கிளுக்கு மாறுகிற ஒருவருக்கு உடற்பயிற்சியால் ஆயுள் 3 முதல் 14 மாதம் கூடும், விபத்தால் குறைவது 5 முதல் 9 நாள். நாடு மாறினால் எண் மாறும், நெதர்லாந்துச் சாலைகள் எல்லா நாட்டிலும் இல்லை, ஆனாலும் இடைவெளி பெரியது. இன்னொன்று கூட்டத்தின் பாதுகாப்பு. சைக்கிள்கள் அதிகமுள்ள இடங்களில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைவாக இருப்பதை 2003இல் ஜேக்கப்சன் என்பவர் காட்டினார். இதிலும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை, கூட்டம் வந்ததால் சாலை பத்திரமானதா, சாலை பத்திரமானதால் கூட்டம் வந்ததா என்பதை அந்த எண்கள் மட்டும் சொல்லாது.

இந்த இடத்தில் நெதர்லாந்து உதாரணம் மறுபடி வரும். அதைச் சொல்கிறவரிடம் தலையாட்டிவிட்டு, அங்கே பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையும், சைக்கிளை இடித்தால் பெரும்பாலும் வண்டிக்காரர் பொறுப்பேற்க வேண்டிய நஷ்டஈட்டுச் சட்டமும் சேர்ந்தே இருப்பதை நினைவுபடுத்துங்கள். வெறும் தலையை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த உத்தி. சட்டம் வேண்டும் என்கிறவரிடம் அந்தச் சட்டத்தை அங்கேயே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். யாருக்கு? எந்த ரோட்டில்? அபராதம் உண்டா? கிண்டலுக்குச் சொல்லவில்லை, நாடுகள் இதில்தான் வேறுபடுகின்றன. ஸ்வீடனில் 2005 முதல் 15 வயதுக்குக் கீழே, பிரான்ஸில் 2017 முதல் 12 வயதுக்குக் கீழே. ஜப்பானில் 2023 ஏப்ரல் முதல் எல்லாரும் போட முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, போடாவிட்டால் தண்டனை இல்லை. வாடகை சைக்கிள் எடுக்கிறவர் ஹெல்மெட்டுக்கு எங்கே போவார் என்றும் கேளுங்கள். மெல்போர்னில் 2010இல் தொடங்கிய பொதுச் சைக்கிள் திட்டம் இந்தக் கேள்வியோடு போராடி, குறைந்த விலைக்கு ஹெல்மெட் விற்று, சைக்கிளிலேயே இலவசமாக மாட்டியும் வைத்து, கடைசியில் 2019இல் மூடப்பட்டது. மெக்சிகோ சிட்டி 2010இலேயே சட்டத்தை எடுத்துவிட்டது.

யாரைப் பிடிப்பார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி பல வருடங்களாக வைத்திருந்த ஹெல்மெட் விதியை 2022இல் ரத்து செய்தது. ஹெல்மெட் வேண்டாம் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை, அபராதச் சீட்டு வீடில்லாதவர்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தில் எல்லாருக்கும் ஒன்றான விதி, தெருவில் அப்படி இருக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகு என் கணக்கு இது: குழந்தைகளுக்குக் கட்டாயம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆபத்தை எடைபோடுகிற வயது அவர்களுக்கு இல்லை. சைக்கிள் பந்தயத்திலும் சரிதான், சர்வதேச சைக்கிள் சங்கம் 2003இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஒரு வேலையாகப் போகிற பெரியவருக்கு அபராதம் போடுவதற்கு முன் அந்த ரோட்டில் வண்டிகளின் வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் குறைத்துக் காட்டட்டும். உங்கள் கணக்கு வேறாக வந்தால் தப்பில்லை, எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று மட்டும் தெரிந்து சொல்லுங்கள்.

எந்தக் கட்சியாக இருந்தாலும், போடுவதென்றால் ஒழுங்காகப் போடுங்கள். நெற்றி தெரியப் பின்னால் தள்ளிப் போட்டால் முன்பக்கம் விழும்போது உதவாது, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் சமமாக உட்கார வேண்டும். இரண்டு பக்கப் பட்டைகளும் காதுக்குக் கீழே சேர வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். தலையைப் பலமாக ஆட்டிப் பாருங்கள், அது தனியாக ஆடினால் அளவு தவறு. ஒரு தடவை நன்றாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், நசுங்கிய நுரை பழையபடி வராது. பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி சறுக்குமரம், கம்பி எதிலாவது ஏறப் போனால் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள், இடுக்கில் அது சிக்கினால் பட்டை கழுத்தை இறுக்கிவிடும்.