கொழுப்புப் பரிசோதனை அறிக்கையைத் தமனிச் சுவரை மனத்தில் வைத்துப் படிப்பது எப்படி?

மாரடைப்பை வாய்க்காலில் வண்டல் மேவி நீர் தடைபடுவதைப் போல எண்ணும் பழக்கம் நம் டெல்டாவில் பரவலாக உண்டு. அறிக்கையைப் பிரிக்குமுன் அந்த உவமையை விட்டுவிடுங்கள். நோய் இருப்பது தமனியின் சுவருக்குள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து விவசாயிக்குச் சொல்வதென்றால், இது வரப்புக்குள் நண்டு வளை வைப்பதைப் போன்றது: மேலே பார்த்தால் வரப்பு உறுதியாகவே தெரியும்.

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிவதுபோல ரத்தக் குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சீர்குலைவதால், ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் எல்.டி.எல். ('கெட்ட கொழுப்பு') துகள்கள் அங்கே குழாயின் உள்தோலைக் கடந்து சுவருக்குள் சிக்கி, ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. உருமாறிய இத்துகளை உடல் தன்னுடையதாகக் கருதுவதில்லை. உள்தோல் செல்கள் அழைப்பு விடுக்க, ரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கு செல்களாக மாறி அவற்றை விழுங்குகின்றன. சாதாரண எல்.டி.எல். நுழையும் ஏற்பி என்ற வாசலைச் செல் தன் தேவை தீர்ந்ததும் குறைத்துக்கொள்ளும் (இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்). ஆனால் உருமாறிய துகளை வாங்கும் துப்புரவு ஏற்பிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விழுங்கி விழுங்கி நுரைச் செல்லாகிச் சாகும் மேக்ரோபேஜ், கொழுப்புக் குழம்பையும் படிகங்களையும் விட்டுச்செல்கிறது; படிகங்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைத் தூண்ட, மேலும் செல்கள் வந்து சேர, இந்தக் குழம்பை மூடியிருக்கும் நார்ப்படலம் மெலிந்து ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். அந்த அழற்சிப் பொருளை மட்டும் தடுத்த மருந்து, எல்.டி.எல்.லைக் குறைக்காமலேயே மாரடைப்பைக் குறைத்ததை, சுமார் 10,000 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

இனி அறிக்கைக்கு வருவோம். மொத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) 210, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். 40, இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 200 (எல்லாம் மி.கி./டெசிலிட்டரில்) என்றிருந்தால், டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்து வரும் 40ஐயும் எச்.டி.எல்.லையும் கழிக்க, எல்.டி.எல். 130 ஆகும். பல ஆய்வகங்கள் இப்படிக் கணக்கிட்டே எழுதுகின்றன. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இக்கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்து வரும் 170ஐயும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் புகக்கூடிய துகள்கள் அனைத்தின் கொழுப்பும் அதில் அடக்கம் என்பதால் நான் அதையே அதிகம் நம்புகிறேன். அழற்சியைக் காட்டும் உயர்நுண்ணுணர்வு சி.ஆர்.பி. சோதனையைக் காய்ச்சல், சளி உள்ளபோது எடுக்காதீர்கள். எண் பொய்யாக ஏறும்.

'ஆக்சிஜனேற்றம்' என்றதும் வைட்டமின் இ மாத்திரை வாங்குவோர் உண்டு. பெரிய ஆய்வுகளில் அது மாரடைப்பைத் தடுக்கவில்லை. டீக்கடை வடைச் சட்டியில் கறுத்து நுரைக்கும் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லதுதான், ஆனால் இங்கே சொன்ன ஆக்சிஜனேற்றம் சட்டியில் நடப்பதன்று, சுவருக்குள் நடப்பது. அங்கே சிக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் புகையிலையை விடுவதும் நிரூபணமான வழிகள். மருத்துவர் எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால், தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி சோதித்து, பழைய அறிக்கையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எண் இறங்கிவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.