டவுன்ஸ்விங்கில் கைகளுக்கு என்ன வேலை?

கோல்ஃப் பழகத் தொடங்கியவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் கட்டாயம் கிடைக்கும். ஒருவர் "கையை நன்றாக வீசு" என்பார். அடுத்தவர் "கையையே மறந்துவிடு, உடம்பைத் திருப்பு" என்பார். நான் இரண்டையும் நம்பிப் பார்த்திருக்கிறேன். முதலாவதை நம்பிய மாதங்களில் பந்து வலப்பக்கமாக வளைந்து புதருக்குள் போனது. இரண்டாவதை நம்பியபோது இடுப்பு முன்னால் ஓடிவிட, கைகள் பின்னால் மாட்டிக்கொண்டன. பந்து நேராக வலப்பக்கம் பறந்தது. புதர் மட்டும் மாறவில்லை.

டவுன்ஸ்விங், அதாவது மேலே தூக்கிய கிளப்பை (கோல்ஃப் மட்டையை) பந்துக்கு இறக்கும் வீச்சில், கைகளுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆனால் அவற்றின் முறை கடைசியில்தான் வரும். முதலில் இடுப்பு, பிறகு மார்பு, அப்புறம் கைகள், கடைசியாக கிளப். இந்த வரிசையில் கைகள் எப்படி இறங்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள். கையில் 7ஆம் எண் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத் தலை கிளப்) போதும். நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் இன்றைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

பழகும் முன் ஒரு கணக்கு. கிளப் மேலே போக முக்கால் விநாடி ஆகிறது என்றால், கீழே வர ஏறத்தாழ கால் விநாடிதான். ஒன்றைக் கண்டு உடம்பு அசையவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். அதனால் இறங்கும் வழியில் யோசித்துத் திருத்த முடியாது. மெதுவாகச் செய்து உடம்புக்குப் பழக்கிவிடுவதுதான் ஒரே வழி. கீழே உள்ள எல்லாவற்றையும் முதலில் பந்தில்லாமல், ஆமை வேகத்தில் செய்யுங்கள்.

படி 1: உச்சியில் ஒரு சோதனை

கிளப்பை மேலே தூக்கும் பேக்ஸ்விங்கின் உச்சியில் அப்படியே நின்று பாருங்கள். இடக்கை மார்புக்குக் குறுக்கே நீண்டிருக்க வேண்டும். விறைப்பாக வேண்டாம், நீண்டிருந்தால் போதும். வலது முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, முனை தரையைப் பார்க்க வேண்டும். வலது உள்ளங்கை, தோளுக்கு மேலே ஒரு தட்டை ஏந்திக்கொண்டிருப்பது போலப் பின்னால் மடிந்திருக்கும். இடது முன்கைக்கும் கிளப்பின் தண்டான ஷாஃப்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 பாகைக் கோணம் இருக்கும். இந்தக் கோணம் பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

படி 2: விழ விடுங்கள்

முக்கால்வாசித் தவறுகள் தொடங்கும் இடம் இது என்பது என் கணிப்பு. உச்சியில் நிற்கும் கைகளுக்குப் பந்தைப் பார்த்ததும் அடித்துவிடத் தோன்றும். வலத்தோள் முன்னால் பாயும், முழங்கை உடம்பை விட்டு விலகும், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பந்தில் படும் கிளப் முகமும் வலப்பக்கமாகத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். ஸ்லைஸ் என்று நாம் புலம்புவது பெரும்பாலும் இதைத்தான்.

அடிக்காமல் என்ன செய்வது? எடையை இடக்காலுக்கு மாற்றி, இடுப்பை மெல்லத் திருப்பத் தொடங்குங்கள். கைகள் அந்த நேரத்தில் கீழே விழட்டும். வலது தோள்பட்டை இன்னும் பின்னாலேயே இருக்க, கைகள் உங்கள் வலது கால்சட்டைப் பையை நோக்கி இறங்குவதை உணர வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் ஒரு கயிற்றை இரு கையாலும் பிடித்து, நேரே கீழே இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். பந்தை நோக்கி இழுக்கக் கூடாது, தரையை நோக்கித்தான்.

இறங்கும் வழி சரியாக இருந்தால் ஏறும் வழி அவ்வளவு முக்கியமில்லை. அமெரிக்க வீரர் ஜிம் ஃப்யூரிக்கின் கைகள் பேக்ஸ்விங்கில் நெட்டுக்குத்தாக மேலே போகும். முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்புகூட வரும். ஆனால் திரும்பும்போது அவை உடம்பை ஒட்டி விழுந்து, மற்ற வீரர்கள் வரும் வழிக்கே வந்துவிடும். அந்த ஸ்விங்கை வைத்துக்கொண்டுதான் 2003இல் யு.எஸ். ஓப்பன் வென்றார். 2016இல் பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைத் தொடர்) போட்டியில் 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றை வெறும் 58 அடிகளில் முடித்தார்.

படி 3: வலது முழங்கை முன்னே வரட்டும்

சின்ன வயதில் தட்டைக் கல்லைத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி எறிந்திருப்பீர்கள். அப்போது கை எப்படிப் போனது? முதலில் முழங்கை விலாவை உரசிக்கொண்டு முன்னே வந்தது. முன்கையும் கல்லும் அதற்குப் பின்னால் இழுபட்டு வந்தன. மணிக்கட்டு கடைசி நொடியில்தான் சுண்டியது. டவுன்ஸ்விங்கில் வலக்கையின் வேலையும் இதேதான்.

கிளப்பைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் லேசாகக் குனிந்து, வலக்கையால் மட்டும் கல் எறிவது போலப் பத்து முறை செய்யுங்கள். முழங்கை இடுப்பெலும்புக்கு முன்னால் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். விலாவுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொண்டீர்கள். நான் "உடம்பை மட்டும் திருப்பிய" காலத்தில் நடந்தது அதுதான். முழங்கையை உடம்போடு இறுக்கி அழுத்தவும் கூடாது. உரசினால் போதும்.

படி 4: மணிக்கட்டுக் கோணம்

இடக்கை தரைக்கு இணையாக வரும்போது, உச்சியில் பார்த்த அந்த 90 பாகைக் கோணம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். சீக்கிரம் அவிழ்த்துவிட்டால் கிளப் தலையின் வேகம் பந்துக்கு முன்பே செலவாகிவிடும், பந்துக்குப் பின்னால் மண் பெயரும்.

இதைப் படித்ததும் பலர் கோணத்தைப் பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பிடித்து வைத்தால் மணிக்கட்டு விறைக்கும், முகம் திறந்தபடியே பந்தில் படும். கிளப்பைப் பிடிக்கும் விரல்களைத் தளர்த்துங்கள், கோணம் தானே நிற்கும்.

அவிழ்வதும் தானே நடக்கும். கையையும் கிளப்பையும் கீல் போட்டு இணைத்த இரண்டு கட்டைகளாக நினையுங்கள். மேல்கட்டை வேகமாகச் சுழன்றால் கீழ்க்கட்டை வெளிப்பக்கமாக வீசப்படும். அது விரியும்போது மேல்கட்டையின் வேகம் குறைந்து, கீழ்க்கட்டையின் முனைக்கு ஏறும். நல்ல ஆட்டக்காரர்களின் கைகள் பந்தில் படுவதற்குச் சற்று முன்பே வேகம் குறையத் தொடங்குவது இதனால்தான். கடைசியில் கையை இன்னும் வேகமாகத் தள்ளப் பார்ப்பது இந்தக் கணக்கைக் கெடுக்கும்.

படி 5: பந்தில் படும் கணம்

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் கணத்தின் தோற்றத்தை நின்றபடி பழகிக்கொள்ளலாம். கிளப் தலையைத் தரையில் வையுங்கள். இடது புறங்கை இலக்கைப் பார்க்கட்டும். இரு கைகளும் பந்தைவிடச் சற்று இலக்குப் பக்கமாக, ஷாஃப்ட் முன்னே சாய்ந்து இருக்கட்டும். வலது மணிக்கட்டில் அந்தத் தட்டு ஏந்திய மடிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். வலது முழங்கையும் முழுதாக நீண்டிருக்காது. இரு கைகளும் சேர்ந்து நீள்வது பந்தைத் தாண்டிய பிறகுதான்.

அப்போது இடது முழங்கை மடங்கி வெளியே துருத்தினால் கோழி இறக்கை என்று கேலி செய்வார்கள். அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத்துக்கும் அந்தச் சாயல் உண்டு. அவர் 2015இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன் என்ற இரு பெரும் போட்டிகளையும் வென்றுவிட்டார். ஆகவே அது மட்டும்தான் உங்கள் குறை என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழகும் விதம்

உச்சிக்குப் போய், கைகளை இடுப்பு உயரம்வரை மட்டும் விழவிட்டு நிறுத்துங்கள். மறுபடி மேலே போங்கள், மறுபடி விழவிடுங்கள். மூன்றாம் முறை நிறுத்தாமல் வீசிவிடுங்கள். முதல் வாரம் பந்தில்லாமல், அப்புறம் டீ என்னும் சிறு குச்சியில் பந்தை வைத்து அரை வேகத்தில்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பயிற்சி. கிளப்பைத் தலைகீழாகத் திருப்பி, தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் வீசுங்கள். விர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். அது வலக்காதுப் பக்கம் கேட்டால் மணிக்கட்டைச் சீக்கிரம் அவிழ்க்கிறீர்கள். பந்து இருக்கும் இடத்திலோ, அதைத் தாண்டி இடப்பக்கமோ கேட்க வேண்டும். சத்தத்தை இடப்பக்கம் தள்ளுவதற்காகக் கையில் பலம் கூட்டாதீர்கள். பிடியைத் தளர்த்திப் பாருங்கள், தானாகவே நகரும்.

பிறகு புல்தரைக்குப் போங்கள். அயர்னால் அடித்ததும் தரையைப் பாருங்கள். புல் பெயர்ந்த இடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால், இலக்குப் பக்கமாகத் தொடங்கியிருந்தால் கைகள் நேரத்துக்கு வந்திருக்கின்றன. பின்னால் தொடங்கியிருந்தால் படி 2க்குத் திரும்புங்கள். நான் இன்றும் வாரம் ஒருமுறையாவது திரும்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.